நிறுத்தி வைக்கவும்

காலை ஏழே காலுக்கு மெஷின் நின்றுவிட்டது. முதலில் ஒரு கீச்சுச் சத்தம். பிறகு ஈரத் துணியை அடுப்பில் போட்ட மாதிரி ஒரு நாற்றம். வெள்ளையம்மாள் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஒன்றும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகிப் பார்த்தாள். ஊஹூம். தியான ஹாலில் பாதித் தரை பளபளவென்று இருந்தது. மீதிப் பாதியில் நேற்று வந்தவர்களின் கால் தடம் அப்படியே கிடந்தது.

எட்டரைக்கு ஆட்கள் உட்கார வந்துவிடுவார்கள்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த கெஸ்ட் ஹவுஸ். இருபத்திரண்டு அறை, மேலே இந்த ஹால். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குவார்கள். வெளிநாட்டுக்காரர்களும் உண்டு, ஆந்திராக்காரர்களும் உண்டு. வெள்ளையம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. அடி அண்ணாமலையிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கே தரை துடைக்கிறாள்.

ஹால் தரை கருப்பு கிரானைட். அதில் மாப்புப் போட்டால் கோடு கோடாகத் தெரியும். வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தரையில் உட்காருகிறவர்கள் எழுந்து பார்த்தால் பின்னால் கறை இருக்கும். அதனால் குந்தி உட்கார்ந்து கைத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பது பெங்களூரில் இருக்கிற ஓனர் போட்ட சட்டம். ஓனர் ஒரு நாளும் குந்தி உட்கார்ந்து துடைத்தவர் அல்ல.

ஏழு வருடம் துடைத்ததில் வெள்ளையம்மாளின் வலது முட்டி போய்விட்டது. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, தேஞ்சு போச்சு, இனிமே குந்தாதீங்க என்றார். அதை அவள் கெஸ்ட் ஹவுஸில் யாரிடமும் சொல்லவில்லை. குந்த முடியாத ஆளை வைத்து ஓனர் என்ன செய்வார்? இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஹாலுக்குள் போய், சாக்கை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து நகர்ந்து எப்படியோ ஓட்டினாள். அப்புறம்தான் மெஷின் வந்தது.

ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி அதைச் செய்கிறது. கடைக்கு விடுவதற்கு முன்னால் ஆறு இடத்தில் சும்மா கொடுத்து, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அதில் இது ஒன்று. பார்க்க வேக்கம் கிளீனர் மாதிரி நீளக் கைப்பிடி. விஷயமெல்லாம் கீழே தரையைத் தொடுகிற தலையில் இருந்தது. அதற்குள் கை மொத்தத்தில் ஒரு ரோலர், மேலே மெத்துமெத்தென்று துணி. நல்ல தண்ணீர் அதன்மேல் சொட்டும். ரோலர் சுற்றித் துடைக்கும். துடைத்த அழுக்கை ஒரு ரப்பர் பட்டை வழித்துவிடும். வழித்ததை மெஷின் உறிஞ்சி இன்னொரு டேங்கில் விட்டுக்கொள்ளும். அழுக்கான துணி மறுபடி தரையைத் தொடுவதே இல்லை. வாளியில் துணியைப் பிழிந்து பிழிந்து அதே கறுப்புத் தண்ணீரால் ஹாலைத் துடைத்தவளுக்கு அதன் அருமை தெரியும்.

முதல் மாதம் தலையில் குறை இருந்தது. ரோலரில் முடி சுற்றிக்கொண்டது. இந்த ஹாலில் உதிர்கிற முடியை வைத்துக் கயிறு திரிக்கலாம். போனில் சொன்னதும் வேறு தலை அனுப்பினார்கள். அதில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை இருந்தது. முடி சுற்றச் சுற்ற அதுவே வாரி எடுத்துவிட்டது. விபூதி தண்ணீர் பட்டுக் களியாகி ரப்பர் பட்டையில் ஒட்டுகிறது என்றாள். இரண்டாவது பட்டை ஒன்று வைத்து அனுப்பினார்கள். சுவர் ஓரம் நான்கு விரல் அகலம் விட்டுப் போகிறது என்றாள். தலையின் பக்கவாட்டு மூடியை மெல்லிசாக்கினார்கள். இப்போது சுவரிலிருந்து அரை விரல்தான் விட்டது. நேராக நின்றபடியே ஹாலை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கீழே இறங்குவாள். முட்டி போன விஷயம் முட்டியோடு இருந்தது.

இடையில் மோட்டார் ஒரு தடவை போனது. டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து புது மோட்டாரை மாட்டிவிட்டுப் போனான். ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. இன்று மறுபடி.

மேனேஜர் கோபி படியேறி வந்தான். கீழ்பென்னாத்தூர்க்காரன், முப்பத்தைந்து வயது. மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தான்.

“இன்னாக்கா, மறுபடியுமா?”

“நல்லாத்தாம்பா ஓடிச்சு. திடீர்னு புஸ்ஸுனு போயிடுச்சு.”

“மூணு மாசத்துல ரெண்டாவது வாட்டி. ஓனருக்கு நான் இன்னா பதில் சொல்றது? போதும். கம்பெனிக்குப் போன் பண்ணி எடுத்துக்கினு போவச் சொல்லிடறேன். நீங்க பழையபடி துணிய எடுங்க.”

“ரிப்பேர் பண்ணித் தருவாங்கப்பா.”

“தருவாங்க, அடுத்த மாசம் மறுபடி போவும். எட்டரைக்கு ஆளு வரும்க்கா, சீக்கிரம்.”

அவன் இறங்கிப் போனதும் வெள்ளையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாக்கு இல்லை, மெஷின் வந்த பிறகு தூக்கிப் போட்டுவிட்டாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். முட்டிக்குள் கண்ணாடித் தூள் இருப்பது மாதிரி இருந்தது. வலது காலை நீட்டிப் போட்டு, இடது கையை ஊன்றி, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து துடைத்தாள். நாலு முழம் போவதற்குள் வேர்த்துக் கொட்டியது.

பாத்ரூம் கழுவுகிற ராணியம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இவளைவிட ஐந்து வயது பெரியவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“இன்னாடி இது, தவழப் பழகறியா?”

“பூச்சி ஒண்ணு ஓடிச்சு. பாக்கறேன்.”

“நல்லாப் பாரு. உன் முட்டிக்குள்ள பூந்திருக்கும்.”

வெள்ளையம்மாள் துணியைப் பிழிந்தாள். ராணியம்மாள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு குந்தினாள். “எனக்கு மட்டும் இரும்புல செஞ்சு வெச்சிருக்கான் பாரு,” என்று திட்டிக்கொண்டே மறுகோடியிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். இருவரும் நடுவில் சந்தித்தபோது எட்டு இருபத்தைந்து.

“எத்தினி நாளைக்கு மறைப்ப?” என்றாள் ராணியம்மாள்.

“மெஷின் இருந்தா மறைக்கவே வேணாம்.”

மறுநாள் மதியம் ஓசூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிருஷ்ணகிரி வழியாகப் பஸ் மாறி வந்ததில் முகமெல்லாம் புழுதி. சிந்துஜா என்று பெயர். போனில் முடி, விபூதி, ஓரம் என்று வெள்ளையம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையை மாற்றி அனுப்பியவள் இவள்தான். இருபத்தேழு வயதுக்குமேல் இருக்காது. சொந்த ஊர் போளூர் என்றாள்.

வந்ததும் மெஷினைக் கவிழ்த்துத் தலையைத்தான் முதலில் பார்த்தாள். சீப்புப் பல்லை விரலால் தடவினாள். “முடி ஒண்ணுகூடச் சிக்கலியே! சூப்பர்ங்க,” என்றாள்.

“தலை நல்லாத்தாங்க இருக்குது, உயிருதான் போயிடுச்சு,” என்றான் கோபி.

பின்கட்டில் பேப்பர் விரித்து மெஷினைப் பிரித்தாள். திருகாணிகளைத் தட்டில் வரிசையாகப் போட்டாள். கோபி, ராணியம்மாள், வெள்ளையம்மாள் மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். மோட்டார் மூடி வந்ததும் உள்ளே காய்ந்த சேறு தெரிந்தது. சிந்துஜா டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அழுக்குத் தண்ணி உள்ள போயிருக்கு. எப்படிப் போவும்? டேங்க் கீழ இருக்கு, மோட்டார் மேல இருக்கு.” தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பிறகு சேற்றுக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். மெஷின் நிமிர்ந்து நின்றிருந்தால் கோடு குறுக்கே இருக்க வேண்டும். இது நெடுக்காக, மோட்டாரின் ஒரு பக்கம் முழுவதும் ஓடியது.

“இதப் படுக்க வெச்சிருக்கீங்களா?”

சிந்துஜா டேங்கைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாள்.

“டேங்க்ல தண்ணியோட படுக்க வெச்சா, உறிஞ்சற பைப்பு வழியா அப்படியே மோட்டாருக்குப் போயிடும். வெளிய ஒரு சொட்டுகூட ஒழுகாது. அதான் யாருக்கும் தெரியல.”

கோபிக்குக் கோபத்தைத் திருப்ப ஒரு இடம் கிடைத்துவிட்டது. “யாரு படுக்க வெச்சது? சொல்லிடுங்க. ஓனர் கேட்டா நான் ஒரு பேரு சொல்லணும்.”

வெள்ளையம்மாளுக்குத் தெரியும். காலையில் ஹாலைத் துடைத்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையில் வைப்பாள். மத்தியானம் சாப்பாட்டு இடத்தைத் துடைக்க மறுபடி எடுப்பாள். அழுக்குத் தண்ணீர் டேங்க் நிறைந்தால்தான் வெளியே கொட்டுவது. நடுவில் நாலு மணி நேரம், கதவுக்குப் பின்னால், படுக்கையாகத்தான் இருக்கும். தினமும். சொன்னால் மெஷினைக் கெடுத்தவள் என்று அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் மெஷின் போகும், அது போனால் இவளும் போக வேண்டியதுதான். இரண்டு வழியும் ஒரே கேட்டுக்குத்தான் போயின. ஆனால் சொன்னால் மெஷினாவது சரியாகலாம்.

“நான்தாங்க,” என்றாள்.

“ஏங்க்கா?” என்றாள் சிந்துஜா. அதட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள்.

“தொடப்பத்த யாராவது நிக்க வெப்பாங்களாம்மா?”

“இது தொடப்பம் இல்லியே.”

“பெருக்கறது, துடைக்கறது எல்லாம் ஒண்ணுதான். எங்கூட்டுல யாரும் நிக்க வெச்சதில்ல. வீட்டுக்கு ஆவாதுன்னு சொல்வாங்க. எங்கைக்கு அது வரவே வராது.”

“உங்க வீட்ல எப்படிம்மா வெப்பாங்க?” என்று ராணியம்மாள் சிந்துஜாவை மடக்கினாள்.

சிந்துஜா யோசித்தாள். “படுக்கத்தான்,” என்றாள்.

கோபி விடுவதாக இல்லை. “அதெல்லாம் சரி. மெஷின் மேலயே எழுதி ஒட்டியிருக்குதே, படிக்கத் தெரியாதாக்கா உங்களுக்கு?”

“எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.” இப்போது வெள்ளையம்மாளுக்கும் கோபம் வந்தது. பேப்பரில் கிடந்த மெஷின் உடம்பைத் திருப்பினாள். மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கையை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். “பயன்படுத்திய பின் நிறுத்தி வைக்கவும். படிச்சுட்டேனா? அதான் செஞ்சேன். வேலை முடிஞ்சதும் சுவிட்ச நிறுத்துவேன். பிளக்கப் பிடுங்குவேன். கொண்டுபோயி வெப்பேன். ஒரு நாளாவது ஓடவுட்டு வெச்சேனா?”



ராணியம்மாள்தான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நிறுத்தித்தானே வெச்சா! எழுதினவன் எவன்டா அவன்?”

“நான்தாங்க எழுதினேன்,” என்றாள் சிந்துஜா.

கோபியும் சிரித்துவிட்டான். சிந்துஜா சிரிக்கவில்லை. மஞ்சள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக நிற்க வை என்றுதான் எழுதியதாக நினைத்திருந்தாள். ஆபீஸில் ஆறு பேர் படித்துச் சரி என்றார்கள். ஆறு பேருக்கும் மெஷின் ஏற்கெனவே கண்முன்னால் நின்றுகொண்டிருந்தது.

திடீரென்று போனை எடுத்தாள். “ஆறு மெஷின் குடுத்தோம். அஞ்சுல மோட்டார் போச்சு. மோட்டார் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு மாசமா சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம்.” வேலூரில் ஒரு லாட்ஜுக்குப் போட்டாள், ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கே தரை துடைக்கிற அம்மா பெயர் ஜோதியம்மாள்.

“அம்மா, வேலை முடிஞ்சதும் மெஷின எங்க வெப்பீங்க?”

“கதவுக்குப் பின்னாலதாங்க.”

“நிக்க வெச்சா, படுக்க வெச்சா?”

“நிக்க வெப்பாங்களா? இன்னா பேச்சு பேசறீங்க!”

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்திலும் அதே பதில். கெடாத ஒரே மெஷின் ஓசூரிலேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே போனை எடுத்த பெண் சொன்னாள்: “எங்க ஸ்டோர் ரூம்ல படுக்க வெக்க எங்கங்க இடம்? நிக்கவே எடமில்ல.”

சிந்துஜா போனை வைத்தாள். “ரெண்டு வருஷமா தலையத்தான் பாத்தோம்,” என்றாள். “தரையில ஓடும்போது இன்னா ஆவுதுன்னு பாத்தோம். ஓடாதப்ப எங்க கெடக்குதுன்னு ஒருத்தரும் பாக்கல.” ஓசூர்ப் பேச்செல்லாம் போய்ப் போளூர்ப் பேச்சு வந்துவிட்டது.

“சீட்ட மாத்தி எழுதி ஒட்டுங்க, தீந்துது,” என்றான் கோபி.

“ஒட்டினா நீங்க நிக்க வெப்பீங்களா?” என்று ராணியம்மாளைக் கேட்டாள் சிந்துஜா.

“மேடம் முன்னாடி நிக்க வெப்பேன். மேடம் பஸ் ஏறினதும் படுக்க வெச்சுடுவேன்.”

“அதான். டேங்கத்தான் மாத்தணும். படுத்தாலும் தண்ணி திரும்பி வராத மாதிரி. இருவது நாளு ஆவும் சார். அதுவரைக்கும் இந்த எடத்த எங்களுக்கு விட்டு வெச்சிருங்க. இந்த அக்காதான் ஓட்டிப் பாத்து சொல்லணும்.”

கோபி தலையை ஆட்டினான். “இருவது நாளு யாரு துடைப்பாங்க? ஓனரு வேணாம்னு சொல்லிட்டாரு மேடம். எடுத்துக்கினு போயிடுங்க. வெள்ளையம்மாக்கா கையால துடைச்சா ஹாலு கண்ணாடி மாதிரி இருக்கும். மெஷினே தேவையில்ல.”

அவன் புகழ்ந்துதான் சொன்னான். வெள்ளையம்மாளுக்கு அது கழுத்தில் கயிறு மாதிரி விழுந்தது.

“என்னால முடியாது கோபி.”

“இன்னா முடியாது?”

“குந்த முடியாது. வலது முட்டி தேஞ்சு போச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு. நேத்து மீதி ஹால்ல பாதிய ராணிதான் துடைச்சா.”

கோபி ராணியம்மாளைப் பார்த்தான். ராணியம்மாள் மேலே பார்த்தாள்.

“இத்தினி நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா வெச்சிருப்பியா?”

வைத்திருக்க மாட்டான், அது அவனுக்கும் தெரியும். போன வருடம் முதுகு போன ரேவதியை அவன்தான் அனுப்பினான். ஓனர் சொல்ல, இவன் அனுப்பினான்.

“மெஷின் இருந்தா என்னால வேல செய்ய முடியும்,” என்றாள் வெள்ளையம்மாள். “இல்லன்னா முடியாது. ஒளிச்சு வெக்க இனிமே ஒண்ணும் இல்ல. நீ பாத்து சொல்லு.”

சிந்துஜா திருகாணிகளை எண்ணுவது மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபி பின்கட்டுக் கேட்வரை போய்த் திரும்பி வந்தான்.

“இருவது நாளு பாத்ரூம நீங்க பாருங்க. நின்னுக்கினு செய்யற வேலை. ஹாலு ராணியம்மா.”

“யாரக் கேட்டு?” என்றாள் ராணியம்மாள். “எனக்கு அம்பத்திரண்டு வயசு.”

“இருவது நாளுதாங்க்கா.”

“பௌர்ணமி நடுவுல வருது. அன்னிக்கு கிரிவலக் கூட்டத்துல ஹாலு சந்தை மாதிரி இருக்கும்.”

“பௌர்ணமிக்கு நானும் வந்து துடைக்கறேன், போதுமா?”

“நீ துடைக்கறதப் பாக்கறதுக்காவே ஒத்துக்கறேன்,” என்றாள் ராணியம்மாள்.

சிந்துஜா கிளம்பும்போது கோபி வெள்ளையம்மாளைத் தனியாக நிறுத்தினான். “முட்டி விஷயத்த ஓனர்கிட்ட நான் சொல்லல. ஆனா புது மெஷினும் புட்டுக்கிச்சுன்னா, அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லக்கா. தெரிஞ்சுக்கோங்க.”

இருபது நாள் முப்பத்தொன்றாக இழுத்தது. வெள்ளையம்மாள் தினம் இருபத்திரண்டு பாத்ரூம் தேய்த்தாள். ஆசிட் நெடியில் கண் எரிந்தது, முட்டி எரியவில்லை. பௌர்ணமிக்குக் கோபி சொன்னபடி வந்தான். பத்து நிமிடம் துடைத்துவிட்டு, போன் வருகிறது என்று இறங்கிப் போனான்.

சிந்துஜா மெஷினோடு வந்த அன்று, பெட்டியைப் பிரித்ததும் ஓட்டிக் காட்டவில்லை. டேங்கை வெள்ளையம்மாள் கையில் கொடுத்தாள். “உங்களுக்குத் தெரிஞ்ச மோசமான தண்ணியா ஊத்துங்க.” வெள்ளையம்மாள் விபூதி, குங்குமம், முடி, வாசல் மண் எல்லாம் கரைத்து முக்கால் டேங்க் ஊற்றினாள். பிறகு எப்போதும் போலக் கதவுக்குப் பின்னால் படுக்க வைத்தாள். நான்கு பேரும் டீ குடித்தார்கள். நாலு மணி நேரம் போகட்டும் என்றாள் சிந்துஜா. வெள்ளையம்மாள் நடுவில் இரண்டு தடவை போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு சிந்துஜா மூடியைக் கழற்றி, டிஷ்யூ காகிதத்தை உள்ளே விட்டு மோட்டாரைத் துடைத்து எடுத்தாள். காகிதம் வெள்ளையாக இருந்தது. கோபியிடம் நீட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நாளைக்கும் படுக்க வெச்சுப் பாருங்க. ஒரு மாசம் பாருங்க,” என்றாள் சிந்துஜா.

“பாக்கறேன்,” என்றான் கோபி. அவ்வளவுதான் சொன்னான். வெள்ளையம்மாளுக்கு இப்போதைக்கு அது போதும். ஒரு மாதம் என்பது முப்பது காலை.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தபோது ராணியம்மாள் ஹால் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். இரண்டு முட்டியிலும் தைலம் மணந்தது.

“முப்பத்தொரு நாளு நான் குந்தினேன். இனிமே ஒரு நாளு நீ, ஒரு நாளு நான். கோபிகிட்ட சொல்லியாச்சு.”

வெள்ளையம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாத்ரூம். நின்றுகொண்டு செய்கிற வேலைதான். பிளக்கைச் சொருகிவிட்டுக் கைப்பிடியை நீட்டினாள். ராணியம்மாள் சுவிட்சைப் போட்டாள். ரோலர் சுற்றியதும் மெஷின் அவளை முன்னால் இழுத்துக்கொண்டு போனது.

“ஏ, ஏ! இன்னாடி இது, மாடு மாதிரி இழுக்குது!”

“தள்ளாத. புடிச்சுக்கினு பின்னாலயே நட. அதுவே போவும்.”

ராணியம்மாள் நடந்தாள். கோணல் மாணலாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பினாள். தூண் ஓரம் விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லிவிட்டு, வெள்ளையம்மாள் வாளியையும் நீளப் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பதினோராம் நம்பர் அறைக்கு இறங்கினாள்.